கண்மாய்க்கு மேலே ஒரு கண்

கோடையில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் கரிசல் காடு வெடித்துக் கிடக்கும். அப்போதும் கண்மாய்க்குள் பச்சையாக நிற்பது பெரும்பாலும் சீமைக்கருவேலம்தான். அந்தப் பச்சையே அதைக் காட்டிக்கொடுக்கிறது. பச்சை இலை அகச்சிவப்புக் கதிரை நிறையத் திருப்பி அனுப்பும். தண்ணீரோ அதை விழுங்கிவிடும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் சில நாளுக்கொருமுறை இந்த வேறுபாட்டைப் படமெடுக்கின்றன. படத்தின் ஒரு புள்ளி, தரையில் 10 மீட்டர் சதுரம். நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். எது முள், எது தண்ணீர், எது வெறுந்தரை என்று பிரிக்கக் கணினியைப் பழக்கலாம். அதற்கு முதலில் ஆள் நடந்துபோய் இடங்களைச் சரியாகக் குறித்துத் தர வேண்டும். அந்த உழைப்பு இல்லாமல் எதுவும் நடக்காது. படங்கள் எல்லோருக்கும் இலவசம். கல்லூரி மாணவர்களே, சித்திரையில் எடுத்த படத்தையும் ஐப்பசி மழைக்குப் பிந்தைய படத்தையும் ஒப்பிட்டு, உங்கள் ஊர்க் கண்மாயின் நிலையை ஊராட்சிக்கு எழுதிக் கொடுங்கள்.