பசியை அடக்கும் பாலைச் செடிகள்

கலஹாரிப் பாலைவனத்தில் நாள்கணக்காக வேட்டைக்கு அலையும் சான் பழங்குடியினர், ஹூடியா என்ற செடியின் தண்டிலுள்ள முள்ளைச் சீவிவிட்டு உள்ளிருக்கும் கசப்பான சதையை மெல்வார்கள். பசியும் தாகமும் அடங்குமாம்.

பார்க்கக் கள்ளி போலிருந்தாலும் இது நம் எருக்கின் குடும்பம். ஹூடியா இனத்தில் பத்துக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. புகழ்பெற்றது கோர்டோனி: தட்டுப் போல விரியும் வெளிர்ச் சிவப்புப் பூ, ஈக்களை அழைக்கும் அழுகிய மாமிச நாற்றம். மற்றொரு வகையான பிலிஃபெராவின் பூ சிறியது, கருஞ்சிவப்பு.

கோர்டோனியில் பசியை அடக்குவதாகக் கருதப்பட்ட பி57 என்ற சேர்மத்துக்குத் தென்னாப்பிரிக்க ஆய்வு மன்றம் காப்புரிமை பெற்றது. அறிவுக்குச் சொந்தக்காரர்களான சான் மக்களுக்குப் பங்கு தரும் ஒப்பந்தம் 2003இல்தான் வந்தது. அந்தச் சேர்மத்தை எடைக்குறைப்பு மருந்தாக்க முயன்ற ஃபைசர் நிறுவனம் அதே ஆண்டு விலகியது. பின்னர் ஹூடியாவைக் கையிலெடுத்த யூனிலீவர் நிறுவனமும் 2008இல் கைகழுவியது. 2011இல் வெளியான சோதனை முடிவு காரணத்தைச் சொன்னது: பதினைந்து நாள் ஹூடியா சாற்றை உட்கொண்ட பெண்களின் உணவும் எடையும் போலி மருந்து உண்டவர்களைவிடக் குறையவில்லை, குமட்டலும் ரத்த அழுத்தமும்தான் கூடின.

தமிழ்நாட்டு வறண்ட காடுகளில் ஹூடியாவுக்கு ஒரு சொந்தம் உண்டு, கள்ளிமுளையான். கிராமத்தார் துவையலாக அரைத்து உண்பது. அதன் சாறும் இன்று எடைக்குறைப்பு மாத்திரையாக விற்கிறது. இந்தியாவில் நடந்த சோதனையொன்றில் இடுப்புச் சுற்றளவு குறைந்தது, எடை குறிப்பிடும்படி இறங்கவில்லை. துவையலாகவே சாப்பிடுங்கள், மாத்திரையென்றால் மருத்துவரைக் கேட்டபின் வாங்குங்கள்.