நமுத்த காகிதமும் ஓடாத கையும்

அந்தமானில் போர்ட் பிளேரின் பெயர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது, மழை மாறவில்லை. மே மாதம் பிடித்தால் டிசம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். ஆண்டுக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர். டப்பா மூடியைச் சரியாக அழுத்தாவிட்டால் அப்பளம் நமுத்துப்போகும். காகிதமும் அப்படித்தான்.

போன ஆடியில் என் நினைவு ஆல்பத்தின் ஒரு பக்கம் என்னை உட்காரவைத்துவிட்டது. ஹாவ்லாக் தீவுக்குப் போய்வந்த கப்பல் டிக்கெட்டையும் ஒரு வண்ணத்தாளையும் கனத்த அட்டையில் ஒட்டியிருந்தேன். காலையில் பார்த்தால் பக்கம் தோணிபோல் வளைந்து கிடந்தது. பிரித்து மறுபடி ஒட்டினேன், மறுபடி வளைந்தது. அதன்பிறகு மூன்று வாரம் கத்தரிக்கோலைத் தொடவே மனம் வரவில்லை. கற்பனை வற்றிவிட்டது என்றே நம்பினேன். காகிதத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது பிறகுதான் புரிந்தது.

காகிதம் செல்லுலோஸ் இழைகளின் பின்னல். ஈரம் பட்டால் ஓர் இழை குறுக்குவாட்டில் ஐந்தில் ஒரு பங்குகூடப் பருக்கும். நீளவாட்டிலோ நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். ஆலையில் ஓடும் கம்பிவலைமேல் கூழ் பாயும்போது இழைகள் பெரும்பாலும் ஓடும் திசையிலேயே படிகின்றன. அதனால் மரப்பலகையைப் போலவே தாளுக்கும் நாரோட்டம் உண்டு.

இதைக் கண்ணால் பார்க்கலாம். டிரேசிங் பேப்பரில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, ஒரு பக்கத்தில் மட்டும் ஈரவிரலால் தடவுங்கள். நனைந்த பக்கம் வெளியே தெரிய, அது பாய்போலச் சுருண்டுகொள்ளும். சுருளின் நீளம் எந்தத் திசையோ, அதுதான் நாரோட்டம். ஈரம் மறுபக்கத்துக்கும் இறங்கியதும் மெல்ல அவிழும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

என் அட்டையின் ஓட்டம் மேலும் கீழுமாக இருந்தது. வண்ணத்தாளின் ஓட்டம் இடமும் வலமுமாக. பசையின் ஈரத்தில் ஒன்றை ஒன்று இழுத்திருக்கின்றன. இரண்டையும் ஒரே ஓட்டத்தில் வைத்து, பசையை மெல்லிசாகத் தடவி, ராத்திரி முழுக்கப் புத்தகப் பாரம் ஏற்றினேன். படிந்துவிட்டது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் செய்வது போன்ற கைக்காகிதத்தில் இந்த இழுபறி குறைவு. கூழைச் சல்லடையில் அள்ளும்போது இழைகள் பல திசையிலும் விழுகின்றன.

அந்த மூன்று வாரமும் வீண் இல்லை. வேலையை விட்டு விலகியிருப்பதால் பலன் உண்டா என்று நடந்த 117 ஆய்வுகளைச் சியோ, ஆர்மராட் என்ற இருவர் 2009இல் சேர்த்து அலசினார்கள். உண்டு என்றது முடிவு. பல விடைகளைத் தேடும் வேலைகளில் பலன் அதிகம். தவறான ஒரே வழியில் முட்டிக்கொண்டிருந்த மனம், விலகியிருக்கும்போது அந்தப் பிடியைத் தளர்த்துகிறது என்பது ஒரு விளக்கம்.

நான் விலகி நடந்தது சாத்தம் பாலம் வரை. 1883இல் தொடங்கிய மர அறுவை ஆலை அங்கேதான் இருக்கிறது. திரும்பும் வழியில் ஒரு தச்சுப் பட்டறையில் படாக் மரத்தை இழைத்துக்கொண்டிருந்தார்கள். செங்காவி நிறத்தில் சீவல்கள் சுருள் சுருளாக உதிர்ந்தன. வளைவை ஒழிக்கத்தானே இத்தனை நாள் மல்லுக்கட்டினேன்? வளைவே பக்கமானால் என்ன? சுருட்டிய காகிதம் தவிர வேறெதுவும் கூடாது என்று அடுத்த பக்கத்துக்கு நானே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டேன். பக்கத்தில் காகித அலைகள் அரை மணியில் எழுந்துவிட்டன.

கட்டுப்பாட்டுக்கு இந்தச் சக்தி உண்டு. உளவியலாளர் கேட்ரினல் ஹாட்-டிராம்ப் 2017இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்த்து அட்டைக்கு இரண்டு வரி எழுதச் சொன்னார்கள். குறிப்பிட்ட ஒரு சொல் கட்டாயம் வர வேண்டும் என்றபோது வரிகள் கூடுதல் புதுமையோடு வந்தன.

தீவுகளுக்கு வருகிறவர்களுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. பவழத்தை, அது செத்துக் கரையொதுங்கியதே ஆனாலும், எடுத்துப்போவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆல்பத்துக்குக் கப்பல் டிக்கெட் போதும். பவழத்தைக் கரையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.