காது மிஷினும் நானும்

இரண்டாவது பிரசவம் முடிந்து, பிறந்த வீட்டிலிருந்து வந்த மூன்றாம் வாரம். நடு ராத்திரி யாரோ தோளைப் பிடித்து உலுக்கத் திடுக்கிட்டு எழுந்தேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் மாமியார் நின்றிருந்தார்.

"என்ன தூக்கமோ! புள்ளை இந்தக் கத்து கத்துது. அடுத்த ரூம்ல இருக்கிற எனக்குக் கேக்குது, பக்கத்துல படுத்திருக்கிற உனக்குக் கேக்கலியா?"

கேட்கவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் நான், "அசதியில தூங்கிட்டேன் அத்தை" என்றேன்.

என் இடது காது மந்தம். நல்ல காதான வலது காதைத் தலையணையில் அழுத்தி ஒருக்களித்துப் படுத்துவிட்டால், எனக்கு உலகமே மௌனம். இது முதல் குழந்தை பிறந்த பிறகே ஆரம்பித்த விஷயம். யாரிடமும் சொல்லவில்லை. பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். புரியாவிட்டால் சிரித்து வைப்பேன். இதனால் "ரொம்ப கர்வம், கூப்பிட்டாக்கூடத் திரும்பிப் பார்க்கமாட்டா" என்ற பெயர்தான் மிச்சம். வேடிக்கை என்னவென்றால், மாவு மில் இரைச்சலில் மட்டும் மற்றவர்கள் பேசுவது எனக்கு நன்றாகவே கேட்கும்!

ஆனால் குழந்தை அழுது கேட்காமல் போனால்? அன்று முழுக்க எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரவு என் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "இதைச் சொல்ல உனக்கு நாலு வருஷமா?" என்றுதான் கேட்டார்.

உடனே போக வேண்டியது காது டாக்டரிடம். நாங்களோ அவசரப்பட்டு ஒரு கடைக்குப் போனோம். வெளியே தெரியக்கூடாது என்பதுதான் என் ஒரே கவலை. சோதனை எதுவும் இல்லாமல், காதுக்குள்ளேயே மறைந்துவிடும் குட்டி மிஷின் ஒன்றை 22,000 ரூபாய் கொடுத்து வாங்கினோம். குழந்தையை அணைத்தால் 'கீ' என்று விசில் அடித்தது. நாலைந்து நாளுக்கு ஒரு பேட்டரி தின்றது. பேச்சும் தெளிவாக இல்லை. ஒரே மாதத்தில் பீரோவுக்குள் போய்விட்டது.

அதன் பிறகுதான் புத்தி வந்தது. டாக்டர் முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, சீழ் இருக்கிறதா என்று பார்த்தார். பலருக்கு அழுக்கை எடுத்தாலே காது திறந்துவிடுமாம். பிறகு சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, 'ஆடியோகிராம்' எடுத்தார்கள். மெல்லிய ஒலி கேட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். சுமார் 20 டெசிபல் ஒலியே கேட்டால் நல்ல காது. எனக்கு வலது காதில் 45, இடது காதில் 60 ஆன பிறகுதான் கேட்டது.

காதின் உள்ளே இருக்கும் மிகச் சிறிய எலும்பு ஒன்று அசையாமல் இறுகிப் போவதுதான் காரணமாம். 'ஓட்டோஸ்க்ளிரோசிஸ்' என்று பெயர். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. இதற்கு ஆபரேஷனும் உண்டு, மிஷினும் உண்டு. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஆபரேஷன் வேண்டாம் என்று நான் மிஷினைத் தேர்ந்தெடுத்தேன்.

செவித்திறன் நிபுணரான பெண்மணி என்னைக் கேட்ட முதல் கேள்வி: "எந்தெந்த இடத்துல உங்களுக்குக் கஷ்டமா இருக்கு?" குழந்தையின் அழுகை, போன், கல்யாண வீட்டுக் கூட்டம் என்று பட்டியல் போட்டேன். காதின் பின்னால் மாட்டுகிற மாடலைச் சிபாரிசு செய்தார். என் காதுக்கு அளவெடுத்து அச்சு செய்து கொடுத்தார். இரண்டு காதுக்கும் போட்டால்தான் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியும் என்றார். போட்டுப் பார்த்த பிறகே பணம் கட்டினோம்.

முதல் நாள் அழுகையே வந்துவிட்டது. குழாய்த் தண்ணீர் அருவியாகக் கொட்டியது. என் குரலே பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "மூளை பழக வேண்டாமா? தினம் இரண்டு மணி நேரத்தில் ஆரம்பியுங்க" என்றார் அந்தப் பெண்மணி. ஒன்றரை மாதத்தில் பழகிவிட்டது.

படுக்கும்போது மிஷினைக் கழற்ற வேண்டுமே, இரவில் குழந்தை அழுதால்? இடது காது தலையணையில் படும்படி படுக்கப் பழகினேன். தொட்டில் கயிற்றை என் கையில் கட்டிக்கொண்டேன். இரவில் ஒரு தடவை என் கணவரும் எழுந்து பார்ப்பார்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டவை:

* ஆடியோகிராம் எடுக்காமல் மிஷின் வாங்காதீர்கள். சிறியதுதான் நல்லது என்பதில்லை. உங்கள் காதுக்கு எது சரி என்பதுதான் கணக்கு.

* ரிப்பேருக்குப் பக்கத்தில் ஆள் உண்டா, எத்தனை வருஷ கேரண்டி என்று கேளுங்கள்.

* குளிக்கும்போதும் தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போதும் கழற்றிவிடுங்கள். இரவில் பேட்டரி மூடியைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் உள்ள டப்பாவில் வையுங்கள்.

* பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்து ஓரிரு நிமிஷம் காற்றுப் பட விட்டுப் போடுங்கள்.

* பேட்டரி குழந்தை கைக்கு எட்டவே கூடாது. விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

* வசதி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் காது பிரிவிலும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் விசாரியுங்கள்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிறந்த குழந்தைக்கும் காதைச் சோதிக்கலாம். தூங்கும்போதே வலியில்லாமல் முடிந்துவிடும். ஆறு மாதமாகியும் உங்கள் குரலுக்குத் திரும்பவில்லை என்றால், 'தானா சரியாயிடும்' என்று காத்திருக்காதீர்கள். காதுக்குள் எண்ணெய் விடுவது, ஹேர்பின்னால் குடைவது இரண்டுமே கூடாது.

கண்ணுக்குக் கண்ணாடி போட நாம் கூசுவதில்லையே, காதுக்கு மட்டும் ஏன்? நான் மறைத்த நாலு வருஷத்தில் இழந்தது பெரியவனின் மழலை. அது இனி வருமா?

போன வாரம் என் மாமியார் சமையலறைக்குள் வந்து, யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "ஏம்மா, எனக்கும் டி.வி. சத்தம் முன்னே மாதிரி கேக்கலை. அந்தப் பொண்ணுகிட்ட ஒரு நாள் கூட்டிட்டுப் போறியா?"

அவர் அத்தனை மெதுவாகச் சொன்னதும் எனக்குக் கேட்டது!