சங்கிலியை நம்பிய சிறை

மேல்கோட்டை செல்லுவநாராயணரைத் தரிசித்து மலை இறங்கும் பயணிகள் பலர் ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் எட்டிப் பார்க்கிறார்கள். அங்கே கோட்டையின் வடபுறம், பூமிக்குள் தாழ்ந்து கிடக்கிறது கர்னல் பெய்லி நிலவறை. ஹைதர், திப்பு காலத்துக் கடுங்காவல் சிறை.

அமைப்பு எளிமையானது. சுமார் 30 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், செங்கல், சுண்ணாம்புக் காரை, வளைவுக் கூரை. சுவரில் பதித்த கற்பலகைகளில் துளைகள். கைதிகளின் சங்கிலிகளை இவற்றில் கோத்தார்கள். அதையும் அறுத்துக்கொண்டு வெளியேறினால் மதில், அகழி, அப்பால் காவிரி. தீவே ஒரு சிறைதான்.

நிலவறையின் பெயருக்குக் காரணம் தமிழ் மண்ணில் நடந்த போர். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் கர்னல் வில்லியம் பெய்லியின் கம்பெனிப் படை தோற்றது. பிடிபட்ட பெய்லி 1782-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கைதியாகவே இறந்தார்.

அதே போரில் பிடிபட்ட இளம் அதிகாரி டேவிட் பெயர்டு, இந்த ஊரில் மூன்றரை ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தார். 1784-ல் மங்களூர் உடன்படிக்கை அவரை விடுவித்தது. 1799 மே 4 அன்று கோட்டையைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கி வந்தவர் அவரேதான். திப்பு அன்று போரில் மடிந்தார்.

விலங்கு ஆளைப் பிடித்து வைக்கும், பகையைத் தீர்க்காது.

சுதந்திர இந்தியாவில் விலங்கு நீதிமன்றப் படியேறியது. தக்க காரணமின்றி, கைதியின் தரப்பைக் கேட்காமல் காலில் விலங்கு பூட்டக் கூடாது என்று 1978-ல் சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. சிறைக் கதவு மூடியதும் அடிப்படை உரிமைகள் வெளியே நின்றுவிடுவதில்லை என்பதே தீர்ப்பின் சாரம். நிலவறையின் கல் துளைகள் அதற்கு இன்னும் சாட்சி சொல்கின்றன.