ஆவணியில் வந்த பருத்தி அறிவிக்கை

2025 ஆகஸ்ட் 18. ஆவணி பிறந்து இரண்டாம் நாள். பெரம்பலூர்ப் பக்கம் மானாவாரிப் பருத்திக்கு நிலம் தயாராகிக்கொண்டிருந்த நேரம். குஜராத்திலும் மகாராஷ்டிராவிலும் ஜூன், ஜூலையில் விதைத்த பயிர் வளர்ந்து நின்றது. அன்றுதான் மத்திய அரசு, பஞ்சு மீதான 11 சதவீத இறக்குமதி வரியை மறுநாளிலிருந்து நீக்கி அறிவிக்கை போட்டது. செப்டம்பர் 30 வரை மட்டுமே சலுகை என்றார்கள். பத்தே நாளில், ஆகஸ்ட் 28 அன்று, அது டிசம்பர் 31 வரை நீண்டது. 2026 ஜனவரி 1 அன்று வரி திரும்ப வந்துவிட்டது.

வரியைக் குறைத்தது தவறு என்று சொல்ல வரவில்லை. திருப்பூரின் நிலைமை அப்போது அப்படி. ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரி விதித்தது. பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் அது 20 சதவீதமாகத்தான் இருந்தது. பனியன் விலையில் நாலு ரூபாய் குறைக்க முடியுமா என்று ஏற்றுமதியாளர் தவித்துக்கொண்டிருக்கும்போது, உலகச் சந்தையைவிட அதிக விலைக்குப் பஞ்சு வாங்கு என்று நூற்பாலையிடம் சொல்வது நியாயமில்லை. என் வருத்தமெல்லாம் அந்த அறிவிக்கை வந்த நாளைப் பற்றியது.

இந்த 11 சதவீதம் 2021 பட்ஜெட்டில் வந்தது. நூறு ரூபாய்ப் பஞ்சுக்கு அடிப்படைச் சுங்க வரி 5 ரூபாய், வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 5 ரூபாய், இந்தப் பத்து ரூபாயின் மீது சமூக நலக் கூடுதல் கட்டணம் 1 ரூபாய். 2022 ஏப்ரல் 14 அன்று வரியை எடுத்தார்கள். முதலில் செப்டம்பர் வரை, பிறகு அக்டோபர் வரை என்று நீட்டித்தார்கள். பிறகு மீண்டும் போட்டார்கள். 32 மில்லிமீட்டருக்கு மேல் இழை நீளமுள்ள பஞ்சுக்கு மட்டும் 2024 பிப்ரவரி 20 முதல் தனியாக விலக்கு கிடைத்தது. அந்த ரகம் இங்கே போதுமான அளவு விளைவதில்லை என்பதால் அதில் யாருக்கும் பெரிய மனக்குறை இல்லை.

ஒரு கன்டெய்னர் பஞ்சுக்கு எந்த வரி என்பதைக் கப்பல் கிளம்பிய நாளோ, விலை பேசிய நாளோ முடிவு செய்வதில்லை. சுங்கச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, ‘பில் ஆஃப் என்ட்ரி’ தாக்கலாகும் நாளில் இருக்கும் விகிதம்தான். கப்பல் வருவதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால், கப்பல் உள்நுழைவு பெறும் நாள் கணக்கு. சரக்கு, வரி கட்டாமல் வைத்திருக்கும் பாண்டட் கிடங்கில் இருந்தால், அங்கிருந்து வெளியே எடுக்கத் தாக்கல் செய்யும் நாள்.

நேரம் எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கப்படும் என்பதற்கு ஒரு வழக்கே உண்டு. புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு, 2019 பிப்ரவரி 16 அன்று பாகிஸ்தான் சரக்குக்கு 200 சதவீதம் வரி விதித்தார்கள். அந்த அறிவிக்கை மின் அரசிதழில் ஏறியது இரவு 8 மணி 46 நிமிடம் 58 விநாடிக்கு. அன்று பகலிலேயே அட்டாரி எல்லையில் உலர் பேரீச்சை உள்ளிட்ட சரக்குகளுக்குத் தாக்கல் முடித்திருந்தவர்களிடமும் 200 சதவீதம் கேட்டது சுங்கத் துறை. அரசிதழில் ஏறிய அந்த விநாடிக்கு முன் தாக்கலானவற்றுக்குப் பழைய வரிதான் என்று 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதைப் பருத்திக்குப் பொருத்திப் பாருங்கள். முதலில் கொடுத்த சலுகை 43 நாள். பிரேசிலில் புதிதாக ஆர்டர் போட்டு, கன்டெய்னர் பிடித்து, பஞ்சு தூத்துக்குடிக்கு வந்து சேர அந்த நாள்கள் போதாது. ஆக, அந்த அவகாசத்தில் பலன் யாருக்கு? ஏற்கெனவே கடலில் சரக்கு வைத்திருந்தவருக்கும், பாண்டட் கிடங்கில் அடுக்கி வைத்துக் காத்திருந்த வியாபாரிக்கும். உள்ளூரில் நூல் விற்கும் சின்ன மில்காரர் அந்த வரிசையில் கடைசி ஆள். பெரிய ஏற்றுமதி மில்களுக்கு வரி இருந்த காலத்திலும் ‘அட்வான்ஸ் ஆத்தரைசேஷன்’ என்ற வழி இருந்தது: இத்தனை ஏற்றுமதி செய்கிறேன் என்று உறுதி கொடுத்து வரியில்லாமல் பஞ்சு எடுக்கலாம். வாங்கிய பஞ்சை வைத்து வாராவாரம் நூல் விற்றுக் கூலி கொடுப்பவருக்கு அந்த வழி எளிதாகத் திறப்பதில்லை.

விவசாயியின் கதை இன்னும் கடினம். 2025 மே 28 அன்று மத்திய அமைச்சரவை பருத்திக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையை அறிவித்தது. நடுத்தர இழைக்குக் குவிண்டாலுக்கு 7,710 ரூபாய், நீள இழைக்கு 8,110. அதை நம்பித்தான் விதை வாங்கினார்கள். விலை அறிவித்தபோது 11 சதவீத வரியும் அமலில் இருந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் எந்தச் சம்சாரியும் கணக்குப் போடுவார்: வெளிநாட்டுப் பஞ்சு மலிவாக வந்து இறங்காது, தனியார் வியாபாரியும் ஓரளவு விலை கொடுப்பார் என்று. பயிர் நிலத்தில் நின்றபோது அந்தப் பாதியை எடுத்துவிட்டார்கள். முதல் பறிப்பு மார்க்கெட்டுக்கு வரும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வரியில்லை. தனியார் சந்தையில் ஆதரவு விலைக்குக் கீழே விற்க நேர்ந்தது. ஆதரவு விலைக்கு வாங்கும் இந்தியப் பருத்திக் கழகத்தின் கொள்முதல் நிலையத்தை எட்ட முடிந்தவர்கள் தப்பித்தார்கள். கடனுக்கு உரம் வாங்கியவர் அங்கே காத்திருக்க முடியாது. பறித்த பஞ்சை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்.

எல்லாம் ஒரே அரசின் முடிவுகள். ஆதரவு விலையை மே மாதத்தில் சொல்ல முடிகிறபோது, அந்தப் பருவம் முழுவதற்குமான இறக்குமதி வரியையும் அன்றே சொல்லலாம். வரி போகப்போகிறது என்று தெரிந்தால் பெரம்பலூர்க்காரர் இரண்டு ஏக்கர் பருத்தியைக் குறைத்து மக்காச்சோளம் போடுவார். இருக்கப்போகிறது என்று தெரிந்தால் மில்காரர் அதற்கேற்ப நூல் விலை பேசுவார். அமெரிக்க வரி போன்ற எதிர்பாராத அடி விழும்போது, பருவத்தின் நடுவில் கைவைக்க வேண்டிவரலாம். அப்படி வைத்தால், அதே அறிவிக்கையோடு கூடுதல் கொள்முதல் நிலையங்களையும் அதற்கான பணத்தையும் அறிவிக்க வேண்டும்.

முடியாத காரியமில்லை. ஆஸ்திரேலியாவுடனான வர்த்தக ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29 அன்று அமலுக்கு வந்தது. அதன்படி ஆண்டுக்கு 51,000 டன் பஞ்சு, அதாவது 170 கிலோ பேல் கணக்கில் 3 லட்சம் பேல், வரியில்லாமல் வரலாம். அளவு முன்கூட்டியே தெரியும். வெளிநாட்டு வர்த்தக இயக்ககத்திடம் விண்ணப்பித்து ஒதுக்கீடு வாங்க வேண்டும், பஞ்சு அந்த நாட்டில் விளைந்தது என்பதற்கான சான்றும் வேண்டும். கேட்டால் காட்டும்படி விவரங்களை இறக்குமதியாளர் கையில் வைத்திருக்க வேண்டும் என்று 2020இலேயே விதி வந்துவிட்டது. காகித வேலை அதிகம்தான். ஆனாலும் அந்த 3 லட்சம் பேலால் எந்தச் சம்சாரியும் ஒரே இரவில் ஏமாந்ததில்லை. எவ்வளவு வரும் என்பது விதைப்பதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.