விழுப்புண்ணும் குத்துச்சண்டையும்

திருவாரூர் மாவட்டத்தில் நீடாமங்கலத்தை அடுத்துக் கோயில்வெண்ணி என்னும் சிற்றூர் ஒன்று உளது. தஞ்சையிலிருந்து அவ்வழியே செல்வோர்க்கு இருமருங்கும் நெல்வயல்களே தோன்றும். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வெண்ணிப் பறந்தலைப் போர் நிகழ்ந்த இடம் இதுவே. சோழன் கரிகாற்பெருவளத்தானை எதிர்த்துப் பொருத சேரமான் பெருஞ்சேரலாதனின் மார்பிற் பாய்ந்த படைக்கலம் முதுகையும் ஊடுருவிற்று என்பர். அவன் புறமுதுகிட்டு ஓடினானல்லன். எனினும், முதுகிற் புண்பட்டமைக்கு நாணி, வாளொடு வடக்கிருந்து உயிர் துறந்தான். அவனை ஒருவரும் இகழ்ந்திலர். கழாத்தலையார் அவன்பொருட்டு வருந்திப் பாடினார். அவ்வூர்ப் புலவராகிய வெண்ணிக்குயத்தியார், வெற்றி பெற்ற கரிகாலனிடமே தோற்றவனின் சிறப்பை எடுத்துரைத்தார்.

மார்பிற் பட்டதனை விழுப்புண் என்றும், முதுகிற் பட்டதனைப் புறப்புண் என்றும் வகுத்த மரபு தமிழர் நெஞ்சில் ஆழ வேரூன்றியது. அரசர் போர்கள் மறைந்த பின்னரும் அது மறைந்திலது. வடசென்னையில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை எனப் பிரிந்து குத்துச்சண்டை ஆடிய காலத்தில், ஒருவன் வாங்கிய குத்து அவன் பரம்பரை முழுமைக்கும் பட்ட குத்தாகவே கருதப்பட்டது. ஆதலின், காயமுற்ற வீரன் ஆட்டத்தை இடையே நிறுத்திக்கொண்டால் அவனைக் கோழை எனப் பழிக்கலாமா என்னும் வினா நமக்கு அயலானதன்று.

2000ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் பெர்லின் நகரில் உக்ரேன் நாட்டு வித்தாலி கிளிச்கோ, அமெரிக்கராகிய கிறிஸ் பைர்டுடன் பொருதார். 12 சுற்றுகளுள் 9 முடிந்தன. புள்ளி இடுவோர் மூவர் கணக்கிலும் கிளிச்கோவே முந்தி நின்றார். ஆயினும் பத்தாம் சுற்றுக்கு அவர் இருக்கையை விட்டு எழவில்லை. எஞ்சிய சுற்றுகளில் வீழாது நின்றிருந்தாலே பட்டம் அவரிடம் நிலைத்திருக்கும். அது கைவிட்டுப் போயிற்று. அமெரிக்கத் தொலைக்காட்சியினரும் பத்திரிகையாளரும் அவரை நெஞ்சுரம் அற்றவர் என்று இகழ்ந்தனர்.

அவருக்கு நேர்ந்தது யாது? இடத்தோளின் தசைநாண் கிழிந்திருந்தது. மேற்கை எலும்பின் தலையைத் தோட்குழியில் இறுகப் பற்றி நிற்பவை நான்கு தசைகளின் நாண்கள். அவை கிழிந்தால் கையை உயர்த்துவதே அரிதாகும். உயராத கையால் குத்தவும் இயலாது, முகத்தைக் காக்கவும் இயலாது. அந்நிலையில் மேடை ஏறுபவன் பொருபவன் அல்லன், அடி வாங்குபவனே ஆவான். பின்னர் அவர் அறுவை மருத்துவம் செய்துகொள்ள நேர்ந்தது.

மூன்றாண்டுகள் கழிந்து, 2003 ஜூன் 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அவரே லெனாக்ஸ் லூயிசுடன் பொருதார். இடக்கண்ணின்மேல் ஆழ்ந்த வெட்டு விழுந்து, குருதி முகமெங்கும் வழிந்தது. ஆறு சுற்றுகளுக்குப் பின் மருத்துவரின் சொற்படி ஆட்டம் நிறுத்தப்பட்டபோது, தொடர விடுமாறு அவர் வாதிட்டார். அவரது நெஞ்சுரத்தை ஐயுற்றோரும் அன்று புகழ்ந்தனர். ஆள் ஒருவரே. முன்னைய புண் தோலுக்குள் இருந்தது. பின்னையதோ எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. வேறுபாடு அவ்வளவே.

நம் நாட்டுச் சதீஷ் குமார் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் முகத்தில் 13 தையல்களுடன் காலிறுதியில் பொருது தோற்றார். அவர் துணிவை நாடே போற்றியது, போற்றத்தக்கதே. ஆனால் அத்தகைய புகழ் அடுத்து வருபவனின் கழுத்திற் சுருக்காக விழலாகாது.

கண்ணுக்குத் தெரியாத புண்களுள் மூளையிற் படுவதே கொடியது. 1982 நவம்பர் 13 அன்று லாஸ் வேகாஸ் நகரில் ரே மான்சினியுடன் பொருத கொரிய வீரர் கிம் டுக் கூ, 14ஆம் சுற்றில் வீழ்ந்தார். மூளையிற் குருதி கட்டிச் சில நாட்களில் இறந்தார். 15 சுற்றுகளாக இருந்த பட்டப் போட்டிகள் அதன் பின்னரே படிப்படியாக 12 ஆயின. வெண்ணிக் களத்தில் பின்வாங்கியிருந்தால் நாட்டை இழக்க நேரும். மேடையில் இழப்பது ஒரு பட்டமும் சிறிது பணமுமே.

காயமே இன்றி விலகுவோரையும் பழித்தல் ஆகாதோ எனின், அவ்வாறு ஐயுறப்பட்டோரும் உண்டு. 1980இல் ராபர்ட்டோ துரான், சுகர் ரே லியோனார்டுடன் பொருதபோது எட்டாம் சுற்றில் திடீரென விலகினார். வயிற்றுவலி என்று பின்னர்க் கூறினார். பலர் நம்பினாரல்லர். ஆயின் பிறர் வயிற்றின் வலியை அளந்தறிய அரங்கில் இருந்தோர்க்கு வழி ஏது?

புறநானூற்றிற் காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஒரு முதியவளைக் காட்டுகின்றார். அவள் மகன் போரிற் புறங்காட்டினான் என்று பலர் கூறினர். அஃது உண்மையாயின் அவனுக்குப் பாலூட்டிய தன் மார்பையே அறுத்தெறிவதாக அவள் வஞ்சினம் கூறினாள். ஆயினும், பிறர் சொல்லை அவ்வளவில் ஏற்றாளல்லள். வாளேந்திக் களம் புகுந்து, பிணங்களைப் பெயர்த்துத் தேடி, சிதைந்து கிடந்த மகனுடலைக் கண்டாள். அவனைப் பெற்ற நாளினும் பெரிதும் மகிழ்ந்தாள். பெர்லினில் கிளிச்கோவைப் பழித்தோர், மருத்துவர் அவர் தோளைத் திறந்து பார்க்கும் வரையிற்கூடக் காத்திருக்கவில்லை.