செஞ்சி மாணவனும் ஆங்கில இலக்கணமும்

செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில் வளரும் மாணவன் தன் ஊரின் சரித்திரத்தை விஸ்தாரமாக அறிய விரும்பினால், சி. எஸ். ஸ்ரீநிவாஸாசாரியார் எழுதி 1943-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட நூலை நாட வேண்டும். அதுவோ ஆங்கிலத்தில் அமைந்தது. அம்மொழியின் இலக்கணத்தைக் கண்டு மாணவர் அஞ்சுவதற்குக் காரணம் விதிகள் அநேகம் என்பதன்று. தமிழும் ஆங்கிலமும் எவ்விடங்களில் பிரிந்து செல்கின்றன என்பதை ஒருவரும் அவர்களுக்கு எடுத்துக் கூறாமையே.

முதற் பிரிவு சொற்களின் வரிசையில் நேர்கிறது. 1714-இல் நடந்த செஞ்சிப் போரைப் பற்றி, ‘தேசிங்கு ராஜனை ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகான் வென்றார்’ என்று எழுதினாலும், நவாபின் பெயரை முன்னே வைத்து எழுதினாலும், ‘ஐ’ என்னும் வேற்றுமை உருபு தோற்றவர் இன்னாரென்று காட்டிவிடுவதால் பொருள் சிறிதும் பிறழாது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அவ்வுருபு இல்லை. எழுவாய், வினை, செயப்படுபொருள் என்னும் வரிசையே அவ்வேலையைச் செய்கிறது. இரு பெயர்களையும் இடம் மாற்றினால், தோற்ற தேசிங்கு வென்றவனாகிச் சரித்திரமே தலைகீழாகிவிடும்.

இரண்டாவது, நிறுத்தக்குறிகள். ஓலைச்சுவடிகளை அவையின்றியே நம் முன்னோர் வாசித்தனர். பெரும்பாலும் வினைமுற்றே வாக்கியத்தின் எல்லையைக் காட்டிற்று. அச்சு பரவிய பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் ஆறுமுக நாவலர் முதலியோர் அவற்றைத் தமிழ் உரைநடையில் நிலைபெறச் செய்தனர். ஆங்கிலத்தில் வினை வாக்கியத்தின் நடுவே நிற்பதால், குறியின்றி முடிவு புலப்படாது. 1677-இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றினார் என்பதும், 1698-இல் முகலாயர் அதனைப் பிடித்தனர் என்பதும் தனித்தனி முழு வாக்கியங்கள். அவற்றைக் காற்புள்ளி மட்டும் இட்டு ஒட்டுதல் பிழை. முற்றுப்புள்ளி இடுக, அல்லது அரைப்புள்ளி இடுக, அல்லது காற்புள்ளியோடு ‘ஆண்ட்’ சேர்க்க. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று செஞ்சியின் மலைகளை அடுக்கும்போது நாம் ஒவ்வொன்றுக்கும் ‘உம்’ கொடுக்கலாம். ஆங்கிலத்தில் இடையே காற்புள்ளியும் இறுதிப் பெயருக்கு முன் ‘ஆண்ட்’டும் வரும். ‘அப்பாஸ்ட்ரபி’ என்னும் மேற்குறியோ உடைமையையும், சுருக்கி எழுதிய சொல்லில் மறைந்த எழுத்தையும் காட்டுவது. சாதாரணப் பன்மைக்கு அதனை இடலாகாது.

தமிழில் இல்லாதவை சில ஆங்கிலத்தில் உண்டு. முதன்முறை ஒரு கோட்டையைக் குறிப்பிடும்போது ‘ஏ’ இட்டு, மீண்டும் அதனையே சுட்டும்போது ‘தி’ இட வேண்டும். செஞ்சி என்னும் ஊர்ப் பெயருக்கு முன் இரண்டும் வேண்டா. உயிரொலியில் தொடங்கும் சொல்லுக்கு முன் ‘ஆன்’ வரும். எழுத்தைப் பாராமல் ஒலியைப் பார்ப்பதே நியமம். ஆதலால் ‘ஆன் அவர்’ என்பதும் ‘ஏ யூனிவர்சிட்டி’ என்பதும் சரி. நிகழ்காலத்தில் ஒருமைப் படர்க்கை எழுவாய்க்கு வினை ‘எஸ்’ ஏற்கும். ஊர், ஆள், கிழமை, மாதம் ஆகியவற்றின் பெயர்கள் பெரிய எழுத்தில் தொடங்கும்.

மாணவர்களே, விதிகளை நெட்டுருப் போடுவதை விட்டு, நாள்தோறும் உங்கள் ஊரைப் பற்றிச் சில வாக்கியங்கள் எழுதி, எழுவாய் எது, வினை எது, வாக்கியம் எங்கே முடிகிறது என்று ஒவ்வொன்றையும் சோதித்துப் பாருங்கள். தமிழிலக்கணம் அறிந்தவனுக்கு ஆங்கில இலக்கணம் அப்பியாசத்தினால் வசப்படக்கூடியதே.